பாதி வாரமும் பிலிப் குணவர்த்தனவும்

றொசல்லயிலிருந்து கொழும்புப் பெருவீதியில் இறங்கிச் செல்வோர், வட்டவளையையும் கினிகத்தேனையையும் கடந்தபின் நிலத்தின் கோலம் மாறுவதைக் காண்பர். தேயிலை பின்தங்க, இறப்பர் மரங்கள் நிழல் பரப்பத் தொடங்கும். குன்றுகளுக்கிடையே ஒடுங்கிய தாழ்நிலங்களிற் சின்னஞ்சிறு நெல்வயல்கள் பாய் விரித்தாற்போற் கிடக்கும். களனி கங்கையை ஒட்டிச் செல்லும் அவ்வீதி எட்டியாந்தோட்டையைத் தாண்டி அவிசாவளையை அடைகின்றது. அவிசாவளைக்கு அணித்தாயுள்ள போரலுகொட என்னும் சிற்றூரில் வளர்ந்த ஒருவரே, அத்தகைய சிறு வயல்களின் விளைவு ஏன் குன்றிக் கிடக்கின்றது என்னும் வினாவை இந்நாட்டின் சட்டப் புத்தகத்துக்குள் கொண்டுவந்தவர். அவர் டொன் பிலிப் ரூபசிங்க குணவர்த்தன.

தேயிலை மலையிற் பிறந்த எமக்கு நெல்வயலோடு என்ன உறவு என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். உறவு உலைப்பானையில் இருக்கின்றது. தோட்டத்து மக்கள் உண்ட அரிசி பர்மாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கப்பலேறி வந்து, கொழும்பிலிருந்து புகையிரதத்தில் மலையேறியது. தோட்ட நிருவாகம் அதனை அளந்து கொடுத்துச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. 1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்ததும் அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. சுதந்திரம் கிடைத்த பின்னரும், 1950களில், நாடு உண்ட அரிசியில் ஏறத்தாழ அரைப்பங்கு கடல்கடந்தே வந்தது. அதற்கு விலையாகச் சென்றது மலையில் எம்மவர் பறித்த கொழுந்தும் தாழ்நிலத்தில் வெட்டிய இறப்பர்ப் பாலும். ஓர் ஏக்கர் நெல்வயலில் ஒரு புசல் கூட விளைந்தாலும் குறைய விளைந்தாலும் அதன் எதிரொலி லயத்து அடுப்பிற் கேட்டே தீரும்.

பிலிப் 1901ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கிராமத் தலைமைப் பதவி வகித்த, காணிபூமியுள்ள மனிதர். போரலுகொட இறாலஹாமி என்று ஊரார் அவரை அழைத்தனர். 1915இல் நிகழ்ந்த கலவரத்தை ஒடுக்கப் பிரித்தானிய அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தபோது, அத்தந்தையாருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அவர் விடுபட்டார். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் நெஞ்சில் அந்நாட்கள் எதை எழுதிச் சென்றிருக்கும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மொறட்டுவை வேல்ஸ் இளவரசர் கல்லூரியிலும் கொழும்பு ஆனந்தக் கல்லூரியிலும் பயின்று, பல்கலைக்கழகக் கல்லூரியிற் சிறிது காலம் இருந்து, 1922இல் அவர் அமெரிக்கா சென்றார்.

வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் இலண்டனுக்குச் சென்று நியாயவாதியாகத் திரும்புவதே அக்காலத்து வழக்கம். இவரோ இல்லினோய் பல்கலைக்கழகத்திற் பொருளியலும், பின்னர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொருளியலும் கற்கச் சென்றார். 1920இன் பின் ஏற்பட்ட விலைவீழ்ச்சியால் அமெரிக்கக் கமக்காரர் கடனில் மூழ்கியிருந்த காலம் அது. நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது, விளைச்சலை எவ்வாறு பங்கிடுவது என்னும் கேள்விகள் விஸ்கொன்சின் வகுப்பறைகளில் விஞ்ஞானப் பாடமாகவே நடத்தப்பட்டன. பின்னாளில் இந்தியாவிற் புகழ்பெற்ற ஜெயப்பிரகாஷ் நாராயணும் அக்காலத்தில் அங்கு மாணவர், இருவரும் நண்பராயினர், இருவரும் மார்க்சியராகவே கரையேறினர். அதன்பின் பிலிப் இலண்டனில் சக்லத்வாலா போன்றோருடன் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கத்தில் உழைத்து, 1932இல் தாயகம் மீண்டார்.

1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டே அவிசாவளைத் தொகுதியிலிருந்து பிலிப்பும், உருவன்வலையிலிருந்து என்.எம். பெரேராவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். மலையகத்துக்கும் இக்கட்சிக்கும் உள்ள தொடர்பு எம் வாசலிலிருந்தே தொடங்குகின்றது. தோட்டத்துச் சின்னத்துரையாக வந்து தொழிலாளர் பக்கம் சேர்ந்த ஆஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேடில் 1937 ஏப்ரலில் இக்கட்சியின் மேடையிற் பேசியது, றொசல்லவுக்குக் கீழே சில புகையிரத நிலையங்கள் தள்ளியுள்ள நாவலப்பிட்டியில். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டான். அவ்வாண்டு யூன் மாதத்தில் பிலிப்பும் தோழர் மூவரும் சிறை வைக்கப்பட்டனர். 1942 ஏப்ரல் 7ஆம் நாள் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து காவலாளி ஒருவரையும் கூட்டிக்கொண்டு அவர்கள் தப்பியதும், கடல்கடந்து இந்தியாவிற் கரந்துறைந்ததும் ஒரு நாவலுக்குப் போதுமான கதை. ஈண்டு அதற்கு இடமில்லை. 1943இற் பம்பாயிற் கைதாகி, இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, போர் முடியும் காலம்வரை அவர் சிறையிலிருந்தார்.

சுதந்திரத்தின் பின்னான அரசியலிற் பிலிப்பின் பாதை நேர்ப்பாதையன்று. கோபம் அவருக்கு இயல்பு. தோழரோடு பிணங்குவதும் இயல்பு. 1950இற் சமசமாஜக் கட்சியை விட்டு விலகிப் புரட்சி சமசமாஜக் கட்சியை அமைத்தார். 1953இல் அரிசி மானியத்தை அரசு வெட்டி, ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது எழுந்த ஹர்த்தாலில் முன்னின்றார். 1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்கவோடு கூட்டுச் சேர்ந்து, மக்கள் ஐக்கிய முன்னணி வென்றதும் உணவு, விவசாய அமைச்சரானார். அக்கூட்டு சிங்களம் மட்டும் என்னும் கொள்கையைச் சுமந்தே ஆட்சியேறியது என்பதைத் தமிழ் வாசகர் மறக்கமாட்டார், மறக்கவும் வேண்டியதில்லை. உழுபவனின் நீதியைத் துல்லியமாகக் கண்ட அறிவு, மொழியின் நீதியில் அவ்வாண்டு தன் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டையும் ஒருசேரச் சொல்லாத வாழ்க்கை வரலாறு அரைகுறையானதே.

இனி, அவர் கண்ட நீதி யாது எனப் பார்ப்போம்.

1950களின் தொடக்கத்தில் இலங்கையில் ஓர் ஏக்கர் வயல் சராசரி 30 புசல் நெல் அளவிலேயே விளைந்தது. யப்பானில் விளைவு இதைப்போற் பன்மடங்கு. காரணம் கேட்டால் உத்தியோகத்தர் பலரும் சொன்ன விடை ஒன்றே: கமக்காரன் சோம்பேறி, பழமைவாதி, நாற்று நடச் சொன்னால் நடான், களை பறிக்கச் சொன்னாற் பறியான். டி.எஸ். சேனாநாயக்க வேறொரு விடை கண்டிருந்தார். வரண்ட பிரதேசத்துப் பழைய குளங்களைத் திருத்திப் புதிய குடியேற்றங்களை அமைப்பது அவர் வழி. மின்னேரியாவும் கல்லோயாவும் அவ்வழியின் சின்னங்கள். ஆனால் பழைய ஊர்களிற் பழைய வயல்களை உழுதுகொண்டிருந்தவனின் நிலை அதனால் மாறவில்லை.

அவன் நிலை என்ன? கண்டிப் பகுதியிலும் தென்மாகாணத்திலும் பிற இடங்களிலும் பெருந்தொகையானோர் பிறர் வயலை வாரத்துக்குச் செய்தனர். சிங்களத்தில் அதனை அந்தே என்பர். களத்தில் நெல்லைத் தூற்றி முடித்ததும் குவியலை இரண்டாகப் பிரித்து ஒன்று காணிக்காரருக்கு, ஒன்று உழுதவனுக்கு. சில ஊர்களில் விதைநெல்லும் எருமையும் காணிக்காரர் கொடுப்பார். அவற்றின் கூலியையும் வட்டியையும் உழுதவன் பங்கிலிருந்து அங்கேயே அளந்தெடுப்பார். அடுத்த போகத்துக்கு வயல் கிடைக்குமா என்பது காணிக்காரரின் முகக்குறிப்பைப் பொறுத்தது. இவற்றோடு, தட்டுமாறு என்னும் வழக்கால் உரித்தாளர் பலர் ஒரே வயலை ஆண்டு மாறி ஆண்டு செய்யும் விந்தையும் உண்டு. அடுத்த ஆண்டு வேறொருவன் உழப்போகும் வயலுக்கு இவ்வாண்டு எருப்போடுபவன் யார்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 புசல் விளையும் ஏக்கரில், வரிசையாக நாற்று நட்டு இருமுறை களை பறித்தால் 40 புசல் விளையும் என்றும், அதற்குக் கூலியாள் வைக்க 80 ரூபா செல்லும் என்றும் கொள்வோம். இவ்வெண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. அன்றைய அரசாங்க உத்தரவாத விலை புசலுக்கு 12 ரூபா. கூடுதலான 10 புசலின் பெறுமதி 120 ரூபா. 80 ரூபா செலவிட்டு 120 ரூபா பெறுவது நாட்டுக்கு ஆதாயம். தன் சொந்த வயலை உழுபவனுக்கும் ஆதாயம். வாரக்குடிக்கோ அந்த 10 புசலில் 5 புசலே சேரும். 80 ரூபாவைக் கையைவிட்டுச் செலவழித்து 60 ரூபாவைக் கையில் வாங்குபவனை என்ன பெயரால் அழைப்பது? ஆகவே அவன் விதையை வீசிவிட்டு, இறப்பர் வெட்டவோ கூலிவேலைக்கோ போனான். அவன் சோம்பேறியல்லன், கணக்குத் தெரிந்தவன்.

இக்கருத்து புதியதன்று. பிரித்தானியப் பொருளியலறிஞர் அல்பிரட் மார்ஷல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதனை எழுதிவைத்தார். பிலிப்பின் தனிச்சிறப்பு யாதெனின், நூலிற் கிடந்த கணக்கை மந்திரியின் மேசையிலிருந்து மசோதாவாக எழுப்பியதே. காணிச் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை காணிச் சொந்தக்காரரின் குவியலிற் கைவைத்தார் என்பதும் கவனிக்கத்தக்கது.

1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் வாரக்குடிக்கு நிரந்தரமான, பிள்ளைகளுக்கும் செல்லும் உழவுரிமையைக் கொடுத்தது. குத்தகையை விளைவின் காற்பங்கு அல்லது ஏக்கருக்கு 12 புசல், இவற்றில் எது குறைவோ அது என வரையறுத்தது. மேற்சொன்ன கணக்கை இவ்விதியின்கீழ் மறுபடி போட்டால் இதன் நுட்பம் விளங்கும். கூடுதலான 10 புசலில் இரண்டரைப் புசல் மட்டும் காணிக்காரருக்கு. ஏழரைப் புசல், அதாவது 90 ரூபா, உழுதவனுக்கு. 80 ரூபாச் செலவு இப்போது கட்டுப்படியாகும். விளைவு 48 புசலைத் தொட்டதும் காற்பங்கு 12 புசலாகிவிடும். அதற்குமேல் விளையும் ஒவ்வொரு மணியும் முழுமையாக அவனுக்கே. நன்றாக உழுபவனின் குத்தகை ஏறாமல் நின்றுவிடும். உழைப்பைக் கட்டளையிட்டு வாங்காமற் கணக்கால் வாங்கும் சட்டம் அது. அதே பத்தாண்டில் சென்னை இராச்சியத்திலும் நியாயவாரச் சட்டம் 1956இல் வந்தது. நஞ்சைக்கு அது விதித்த வாரம் நூற்றுக்கு 40. பிலிப்பின் 25 அதனினும் துணிவானது.

வாரத்தைக் குறைத்தால் மட்டும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். காணிக்காரர் வாரம் வாங்குபவர் மட்டுமல்லர். விதையும் எருமையும் கடனும் கொடுப்பவரும் அவரே. வாரத்தைக் குறைத்தால் அவர் கையை மடக்கிக்கொள்வார். அந்த இடத்தை நிரப்ப வேறொரு கை வேண்டும். இதற்காகவே ஊர்தோறும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை வளர்த்தார். கமக்காரரே தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களைச் சட்டத்தில் எழுதினார். சிதறிய வயல்களை ஒன்றுசேர்க்கவும் வழி செய்தார். பயிர்க் காப்புறுதியைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார். கூட்டுறவு வங்கி ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். இவை ஒன்றையொன்று தாங்கும் பந்தற்கால்கள். ஒன்றைப் பிடுங்கினால் மற்றவை சாயும்.

பிடுங்குவதற்கு ஆட்கள் அமைச்சரவைக்குள்ளேயே இருந்தனர். காணிச் சொந்தக்காரர் பலர் அமர்ந்த மேசையில் மசோதா பலமுறை கத்தரிக்கப்பட்டது. உழுபவர்க்கென எண்ணப்பட்ட குழுக்களில் உழாத சொந்தக்காரருக்கும் இடம் வந்தது. 1959இல் அமைச்சர் பலர் ஒன்றுகூடிப் பிலிப்புக்கு எதிராகப் பிரதமரை நெருக்கினர். கூட்டுறவுத் துறை அவர் கையிலிருந்து பறிக்கப்படும் நிலை வந்ததும், மே மாதத்தில் அவர் பதவி துறந்தார். நான்கு மாதங்கள் கழித்துப் பண்டாரநாயக்க சுடப்பட்டு இறந்தார். கூட்டுறவு வங்கித் திட்டத்தின் சாயலோடு 1961இல் மக்கள் வங்கி பிறந்தது. பிறந்தபோது அதன் அருகிற் பிலிப் இல்லை.

களத்தில் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. சட்டம் மாவட்டம் மாவட்டமாக அமுலுக்கு வந்தது. அதற்கிடையிலேயே குடிகளை வெளியேற்றக் காணிக்காரருக்கு அவகாசம் கிடைத்தது. தாமே உழுவதாகச் சொல்லி வயலைத் திருப்பி எடுத்தனர். வெளியேற்றப்பட்டதாக முறையிட்டோர் ஆயிரக்கணக்கானோர். குழுக்களின் அதிகாரத்தை நீதிமன்றத் தீர்ப்புகள் ஐயத்துக்குள்ளாக்கின. 1961இலும் 1964இலும் சட்டத்தைத் திருத்தி ஒட்டுப்போட வேண்டியிருந்தது. கண்டிப் பகுதியிலோ காணிக்காரரும் குடியும் பெரும்பாலும் உறவினர். மாமன் வயலுக்குக் காற்பங்குதான் தருவேன் என்று மருமகன் எந்த வாயால் முறைப்பாடு செய்வான்?

இச்சட்டத்தால் நாட்டின் விளைவு உயர்ந்ததா என்று ஆசிரியர்கள் கேட்பர். 1970ஐ நெருங்கும்போது சராசரி விளைவு ஏக்கருக்கு 50 புசலை அணுகிவிட்டது உண்மை. ஆனால் அந்த உயர்வின் பெரும்பங்கு விதைக்கும் உரத்துக்கும் உரியது. நெற்காணிச் சட்டம் வந்த காலத்திலேயே பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் எச்-4 என்னும் புதிய நெல்லை வெளியிட்டது. முருங்கைக்காயன் என்னும் நாட்டு நெல்லையும் மாஸ் என்னும் இந்தோனேசிய நெல்லையும் கலந்து பெற்ற வருக்கம் அது. பத்தாண்டுக்குள் நாடெங்கும் பரவிற்று. சட்டம் முழுமையாக நடைமுறைப்படாத நாட்டில் சட்டத்தின் பயனை அளப்பது எளிதன்று. கருத்தளவில் எதிர்வாதமும் எழுந்தது. 1969இல் ஸ்டீவன் சியுங் என்னும் பொருளியலறிஞர், காணிக்காரர் அருகிருந்து மேற்பார்வை செய்தால் வாரமுறையிலும் விளைவு குன்றாது என வாதித்தார். அதற்கு ஐந்தாண்டு முன்னர் தியோடர் சூல்ற்ஸ், ஏழைக் கமக்காரன் தன் கையிலுள்ளதைக்கொண்டு செய்யத்தக்கதைத் திறம்படவே செய்கின்றான் என்று நூலெழுதினார். அவருக்கு 1979இல் நோபெல் பரிசு கிடைத்தது. மறுபக்கம், மேற்கு வங்காளம் 1978 முதல் வாரக்குடிகளைப் பதிவு செய்து அவர்தம் பங்கை உறுதிப்படுத்தியபோது விளைவு உயர்ந்ததாகப் பின்வந்த ஆய்வுகள் கண்டன. அங்கே சட்டத்தின் பின்னால் ஓர் அரசு நின்றது. இங்கே ஒரு மந்திரி நின்றார். அவரும் ஓராண்டு சொச்சத்தில் வெளியேறினார். என் மதிப்பீட்டிற் பிலிப்பின் கணக்குப் பிழைக்கவில்லை. அதனைக் களத்தில் அளந்துகாட்ட ஆளில்லாமற் போயிற்று.

பிற்காலத்துப் பிலிப்பைப் பற்றி மிகுதியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 1963இல் இடதுசாரி ஐக்கிய முன்னணியில் இருந்தவர், 1965இல் தாம் வாழ்நாளெல்லாம் எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சியின் தேசிய அரசாங்கத்திற் கைத்தொழில், கடற்றொழில் அமைச்சரானார். தமிழரசுக் கட்சியும் அதே ஆட்சியில் இருந்தது, எஸ். தொண்டமான் நியமன உறுப்பினராக அதே பக்கத்தில் அமர்ந்தார். 1956இல் எதிரெதிரே நின்றோர் ஒரே கூரையின்கீழ் வந்தது காலத்தின் விளையாட்டு. 1970 தேர்தலில் அவிசாவளை அவரைக் கைவிட்டது. போரலுகொடச் சிங்கம் என்று நாடு அழைத்த அம்மனிதர் 1972 மார்ச் 26ஆம் நாள் காலமானார்.

அவர் மறைந்து ஐந்து மாதங்களில் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணி 25 ஏக்கர், பிற காணி 50 ஏக்கர் என அது எல்லை கட்டிற்று. 1975இற் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அவ்வாறு பெறப்பட்ட நிலம் பங்கிடப்பட்ட இடங்களிற் காணி பெற்றோர் வரிசையில், அந்நிலத்திற் கொழுந்து பறித்தவர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. நெற்காணிச் சட்டத்தின் இடத்துக்கு 1973இலும் 1979இலும் 2000இலும் வேறு வேறு சட்டங்கள் வந்தன. பிலிப் மறைந்த அதே பத்தாண்டில் கண்டி முதலான மாவட்டங்களில் ஊர் ஊராகச் சென்று விசாரித்த ஆய்வாளர், காற்பங்கு என்னும் விதி குடிகள் பலருக்குத் தெரிந்தேயிருந்தும், தூற்றிய நெல் முன்போலவே இரண்டு குவியலாகப் பிரிக்கப்படுவதையும், குவியல் இரண்டும் ஒரே அளவாய் இருப்பதையும் பல களங்களிற் கண்டனர்.